கொக்குவிலில் வாடகை வீடு: ஊரைக் கேட்க முதல் ஒழுங்கையைக் கேளுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு குடும்பம். மனைவிக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தாதியாக இடமாற்றம் கிடைத்திருக்கிறது. மகன் உயர்தரம் தொடங்கப் போகிறான். கூடவே வயதான அம்மா. கார் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள்தான். நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாது, கொக்குவிலில் வீடு இருக்கிறதாம், அங்கே வாகனமில்லாமல் சமாளிக்கலாமா, சனம் எப்படி, போக்குவரத்து எப்படி என்று கணவர் கேட்டிருக்கிறார்.

சமாளிக்கலாம். யாழ்ப்பாண நகருக்கு வெளியே, ஆனால் நகரை விட்டு விலகாமல் இருக்க நினைக்கும் குடும்பத்துக்குக் கொக்குவில் நல்ல இடம். ஆனால் "கொக்குவிலில் வீடு" என்று கேட்டவுடனே முற்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வீடு இருக்கிற ஒழுங்கை, அதாவது உள்ளே போகும் சின்னத் தெரு, எந்த வீதியில் போய் ஏறுகிறது என்று முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே வந்தால் வண்ணார்பண்ணைச் சிவன் கோயில், தட்டாதெரு, நாச்சிமார் கோயிலடி, குளப்பிட்டிச் சந்தி, அதையும் தாண்டினால் கொக்குவில் சந்தி. மூன்று கிலோமீற்றர் சொச்சம் வரும். இடையில் வெறும் வெளி என்று எதுவும் கிடையாது. வீடு, கடை, மதில், மறுபடி கடை என்று தொடர்ந்து வருவதால் நகரம் எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. காகிதத்தில் மட்டும் தெரியும்: மாநகர சபை எல்லை முடிந்து நல்லூர் பிரதேச சபைக்குள் வந்திருப்பீர்கள். குப்பை வண்டி வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் இனிமேல் அங்கேதான் போய் நிற்க வேண்டும். வடக்கே தாவடியும் கோண்டாவிலும், கிழக்கே திருநெல்வேலி, மேற்கே ஆனைக்கோட்டைப் பக்கம். எல்லைக் கல் பார்த்து யாரும் பேசுவதில்லை. குளப்பிட்டியில் இருப்பவர் வெளியூர் ஆளிடம் கொக்குவில் என்பார், உள்ளூர் ஆளிடம் குளப்பிட்டி என்பார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் இரண்டு பெரிய வீதிகள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. மேற்கே காங்கேசன்துறை வீதி, கிழக்கே திருநெல்வேலி, கோண்டாவில் கிழக்கு, உரும்பிராய் வழியாகப் போகும் பலாலி வீதி. இரண்டுக்கும் நடுவில் ரயில் பாதை. மூன்றும் நகரையும் வடக்கையும் இணைப்பவை. இவற்றை ஒன்றோடொன்று குறுக்கே இணைப்பதற்குத்தான் ஆள் இல்லை. இரண்டு நெடுங்கால் மட்டும் இருந்து படிகள் பாதி கழன்று போன ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக வரும். கொக்குவில் சந்தியில் இருந்து திருநெல்வேலிச் சந்திக்குப் போகும் ஆடியபாதம் வீதி ஒரு நல்ல படி. மற்றவை எல்லாம் ஒழுங்கைகள். ஒரு ஒழுங்கை நேரே போவதுபோலப் போய் ஒரு வைரவர் கோயிலடியில் திரும்பி, இன்னொரு மதிலோடு திரும்பி, கடைசியில் யாரோ ஒருவருடைய படலையில் முடியும். தூரம் பார்த்தால் வீதிக்கு வீதி ஒன்றரை, இரண்டு கிலோமீற்றர்தான். பஸ்ஸை நம்பி அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது. நடை, சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, இவ்வளவுதான்.

அதனால் உங்கள் வீட்டில் தினமும் வெளியே போகிறவர் எங்கே போகிறார் என்று முதலில் பாருங்கள். உங்கள் மனைவி போதனா வைத்தியசாலைக்கு. அது பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, வைத்தியசாலை வீதியில் இருக்கிறது. காங்கேசன்துறை வீதியில் ஓடும் பஸ் எல்லாம் அந்த நிலையத்தில்தான் போய் நிற்கும். எனவே உங்களுக்கு வேண்டியது காங்கேசன்துறை வீதிக்கு ஐந்து பத்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய வீடு. பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் தலைகீழ்: அவர் கொக்குவில் கிழக்கில், இராமநாதன் வீதிப் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு வீடும் "கொக்குவில்"தான். தரகருக்கு இரண்டும் ஒன்று. உங்களுக்கு அப்படி இல்லை.

பஸ் எப்படி? காங்கேசன்துறை வீதி யாழ்ப்பாணத்தின் நல்ல பஸ் வீதிகளில் ஒன்று. சுன்னாகம், தெல்லிப்பழை, காங்கேசன்துறை போகும் இலங்கை போக்குவரத்துச் சபை பஸ்ஸும் தனியார் மினிபஸ்ஸும் மாறி மாறி வரும். பகலில் நேர அட்டவணை பார்த்துப் புறப்படத் தேவையில்லை, போய் நின்றால் ஏதோ ஒன்று வரும். சிக்கல் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில். சுன்னாகத்திலும் இணுவிலிலும் நிரம்பி வருகிற மினிபஸ், கொக்குவில் சந்திக்கு வரும்போது கதவுப் படியில் நாலு பேர் தொங்குவார்கள். நடத்துநர் "உள்ளுக்குப் போங்கோ, நடுவில இடம் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னும் மூன்று பேரை ஏற்றுவார். நடுவில் இடம் கிடக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகப் பை ஒன்று உங்கள் வயிற்றில் இருக்கும். பதினைந்து நிமிடப் பயணம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம்.

உண்மையான இடைஞ்சல் பின்னேரம். கொழும்பில் இருந்து வருகிறவர்கள் எதிர்பாராத விஷயம் இது: யாழ்ப்பாணத்து உள்ளூர் பஸ் வெள்ளென அடங்கிவிடும். இரவு ஏழு மணியானால் பஸ் ஐதாகிவிடும். அதன் பிறகு வந்தால் வந்ததுதான். தாதியரின் மாலை முறை ஏழு மணிக்கு முடிந்து, கையொப்பம் வைத்து, உடை மாற்றி வெளியே வர ஏழரையாகும். அந்த நேரம் பஸ்ஸுக்கு நிற்க வைக்காதீர்கள். நீங்கள் மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றிவருவதுதான் வழி. இல்லாவிட்டால் ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்காரர் ஒருவரோடு மாதக் கணக்குப் பேசிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் வாகனம் அழைக்கும் பிக்மீயும் இங்கே ஓடுகிறது, ஆனால் மழை நாளில் இரவு அதை நம்பி இருக்க முடியாது. தெரிந்த ஓட்டோக்காரரின் தொலைபேசி இலக்கம் ஒன்று இந்த ஊரில் பெரிய சொத்து. அம்மாவுக்குத் திடீரென ஒன்று என்றாலும் முதலில் வரப்போவது அவர்தான்.

அம்மாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். காங்கேசன்துறை வீதிப் பக்கம் இருப்பதில் வயதானவர்களுக்கு ஒரு வசதி, இரண்டு திசையிலும் வைத்தியசாலை இருக்கிறது. தெற்கே போதனா வைத்தியசாலை. வடக்கே இணுவில் மக்கிளியொட் வைத்தியசாலை, இன்னும் போனால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவோடு. எல்லாவற்றுக்கும் ஒரே வீதியில் ஓடும் பஸ். காய்கறிக்கு மட்டும் குறுக்கே போக வேண்டும்: நல்ல சந்தை என்றால் திருநெல்வேலிச் சந்தை, சைக்கிளில் போய் வரலாம். காலையில் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஒழுங்கைக்குள் கூவிக்கொண்டு வருவார், பாண்காரர் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார். அம்மா படலையை விட்டு இறங்காமலே பாதிச் சாமான் வாங்கிவிடுவார்.

ரயிலைப் பற்றி ஆட்கள் அதிகம் ஆசை காட்டுவார்கள். கொக்குவிலுக்கு என்று ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது, யாழ்ப்பாணத்துக்கு அடுத்ததாக, கோண்டாவிலுக்கு முதல். கொழும்பில் இருந்து காங்கேசன்துறை வரை பாதை முழுமையானது 1905இல். யாழ்தேவி கடுகதி ரயில் ஓடத் தொடங்கியது 1956இல். 1990 யூனில் எல்லாம் நின்றது. அதன் பிறகு இருபத்துநாலு வருடம் இங்கே ரயில் இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்கு குழிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நிலையக் கட்டடம் கூரை இல்லாமல் நின்றது. ரயில் போன மேட்டில் சனம் சைக்கிள் ஓடியது, சிலர் கொட்டில் போட்டுக் குடியும் இருந்தார்கள். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 சனவரியில் காங்கேசன்துறை வரையும் இந்தியக் கடனுதவியோடு புதிதாகப் பாதை போட்டு ரயில் விட்டார்கள். ரயிலையே காணாமல் வளர்ந்து, பிள்ளை பெற்ற பிறகு முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்ட ஆட்கள் இந்த ஊரில் நிறைய.

ஆனால் தினசரிப் பயணத்துக்கு இந்த ரயில் உங்களுக்குப் பெரிதாக உதவாது. ஒரு நாளில் ஓடுவதே சில ரயில்கள். யாழ்ப்பாணம் போக அதற்காகக் காத்திருக்கிற நேரத்தில் பஸ்ஸில் போய்த் திரும்பிவிடலாம். கொழும்புப் பயணத்துக்குத்தான் ரயில். அதிலும் கடுகதி ரயில் எல்லாம் கொக்குவிலில் நிற்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் நிலையத்தில் ஏறுவதாகவே திட்டமிடுங்கள், ஓட்டோவில் பத்து நிமிடம். இடையிடையே பாதையைத் திருத்துகிறோம் என்று மாதக்கணக்கில் நிறுத்தியும் விடுவார்கள். 2023இல் அநுராதபுரத்துக்கு வடக்கே அப்படி அரை வருடம் மூடிக் கிடந்தது. அந்த நேரமெல்லாம் இரவுப் பஸ்தான் கதி. ஏ9 வீதியால் கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், இரவு ஏறினால் விடிய இறங்கலாம்.

ரயில் உங்கள் வாழ்க்கைக்குள் வருவது வேறு வழியால்: கடவை. கொக்குவில் கிழக்கில் வீடு எடுத்தால் அநேகமாகத் தினமும் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். புதுப் பாதையை உயர்த்திப் போட்டிருப்பதால் ஒழுங்கை திடீரென ஏறி, தண்டவாளத்தைத் தொட்டு, மறுபக்கம் இறங்கும். சைக்கிளில் வரும் பிள்ளை அந்த ஏற்றத்தில் மிதித்து மேலே வரும்போது இரண்டு பக்கமும் மதிலும் வாழையும் மறைக்கும். தண்டவாளம் கண்ணில் படுகிற நேரம் முன்சில்லு அதில் ஏறிவிடும். சில கடவைகளில் மணியும் சிவப்பு விளக்கும் உண்டு, சிலவற்றில் பகலில் ஒருவர் தடி போட்டு மறிப்பார், சிலவற்றில் பலகை மட்டும்தான். மணி பழுதாகி நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தால் சனம் அதைக் கணக்கெடுக்காமல் கடக்கப் பழகிவிடும், ஆபத்தே அந்தப் பழக்கம்தான். வீடு பார்க்கப் போகும்போது மகன் போகப்போகிற வழியில் என்ன மாதிரிக் கடவை இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். காதில் வயர் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓடக் கூடாது என்று அவனுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மகனின் படிப்புக்குப் பிரச்சினை இல்லை. சந்தியில் இருந்து கொஞ்சத் தூரத்திலேயே கொக்குவில் இந்துக் கல்லூரி, 1910இல் தொடங்கியது, ஆண் பெண் இருபாலாரும் படிக்கும் பள்ளிக்கூடம். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைக் கட்டி எழுப்பிய ஹன்டி பேரின்பநாயகம் அதிபராக இருந்த இடம் என்பதைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் மறக்காமல் சொல்வார்கள். யாழ் இந்துக் கல்லூரிக்குப் போவதென்றாலும் சைக்கிளில் போகிற தூரம்தான். யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியும் கொக்குவிலில்தான் இருக்கிறது. உயர்தரப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட ரியூசன்தான் நேரத்தைத் தின்னும், அது உங்களுக்குக் கொழும்பிலேயே தெரிந்திருக்கும். திருநெல்வேலியிலும் நகரிலும் வகுப்புகள் இருப்பதால் காலை ஐந்தரைக்கே ஒழுங்கைகளில் சைக்கிள் லைற் தெரியும். ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், பூட்டோடு.

இனிச் சனம். கொக்குவில் ஆட்களைப் பற்றிப் பேசுவதென்றால் சுருட்டில் இருந்து தொடங்க வேண்டும். இன்றைக்கு இது ஆசிரியர், வங்கி ஊழியர், கச்சேரி (மாவட்டச் செயலக) உத்தியோகத்தர் இருக்கும் ஊராகத் தெரிகிறது. இரண்டு தலைமுறைக்கு முன்னால் இது சுருட்டு ஊர். யாழ்ப்பாணத்துப் புகையிலையைக் கோடா போட்டுப் பதப்படுத்தி, கொட்டில்களில் வரிசையாக இருந்து சுற்றி, கட்டுக்கட்டாகத் தெற்குக்கு அனுப்பினார்கள். காலி, மாத்தறை, கண்டிப் பக்கங்களில் யாழ்ப்பாணத்தார் வைத்த சுருட்டுக் கடைகளுக்கு இங்கே இருந்துதான் நிறையச் சரக்குப் போனது. கொட்டிலில் எல்லோருக்கும் கையில் வேலை, காது சும்மா இருக்கும். அதனால் ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகையை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். தலையங்கம், வெளிநாட்டுச் செய்தி, தொடர்கதை எதையும் விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நின்ற தொழிலாளிக்கு ஸ்டாலினையும் நேருவையும் பற்றி அபிப்பிராயம் இருந்தது. தொழிற்சங்கமும் இடதுசாரி அரசியலும் இந்தப் பக்கத்தில் வேர் பிடித்ததில் அதற்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். தெற்கில் கலவரம் வர வரக் கடைகள் எரிந்தன, பிறகு சிகரெட் வந்தது, போர் வந்து பாதையை மூடியது. கொட்டில்கள் போய்விட்டன. வாசிகசாலைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சனசமூக நிலையம், வாங்கில் நாலு பத்திரிகை, காலையில் அதைச் சுற்றி ஓய்வு பெற்றவர்கள். உங்கள் வயதில் உள்ளவர் ஊரோடு பழகுவதற்கு அதுதான் நல்ல வாசல். அம்மாவுக்குக் கோயில்.

கோயிலுக்குக் குறைவே இல்லை. மஞ்சவனப்பதி முருகன், நந்தாவில் அம்மன், இவை பெரியவை, வைரவரும் பிள்ளையாரும் ஒழுங்கைக்கு ஒன்று. கோடையில் திருவிழா மாறி மாறி வரும், ஒலிபெருக்கி விடியக்காலையிலேயே தொடங்கும். இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்க வேண்டிய ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். வீட்டுக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கிழக்குப் பக்க வீதிகளில் போக்குவரத்து மாறும், வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் குறுகிய கால வாடகைக்கு வீடு தேடித் திரிவார்கள். அந்த மாதத்தில் வீடு தேட இறங்கினால் விலை கூடத்தான் சொல்வார்கள். அம்மா நாள், நட்சத்திரம் பார்ப்பவர் என்றால் சந்தோஷப்படுவார்: யாழ்ப்பாணத்து வீடுகளில் தொங்கும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் கொக்குவிலில் இருந்து வருவது. மட்டுவிலில் இருந்து வரும் மற்றப் பஞ்சாங்கமான திருக்கணிதத்தின் ஆட்களோடு மட்டும் இங்கே வாக்குவாதம் வைக்க வேண்டாம்.

சில விஷயங்களைத் தரகர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். வீட்டுக்காரர் உங்களைப் பார்த்தவுடன் "சொந்த ஊர் எது?" என்று கேட்பார். அது முகவரி கேட்கிற கேள்வி கிடையாது. ஊர், குறிச்சி, கோயில் என்று சுற்றி வந்து உங்கள் சாதியைக் கணக்குப் பார்க்கிற கேள்வி. எல்லோரும் அப்படி இல்லை, வர வரக் குறைகிறது, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை விட்டுப் பழகிய வீடுகளில் இன்னும் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். கேட்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். தோண்டித் தோண்டிக் கேட்கிறவரின் வீட்டை விட்டுவிடுங்கள், இருக்கிற காலம் முழுக்க அவர் கண் உங்கள் படலையில்தான் இருக்கும்.

வாள்வெட்டைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். சில வருடங்களுக்கு முன் செய்திகளில் கொக்குவில் என்ற பெயர் அதோடு சேர்த்து அடிக்கடி வந்தது உண்மைதான். அது பெரும்பாலும் இளைஞர் குழுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. குடும்பமாக இருக்கும் வீட்டுக்கு அதனால் தினசரிப் பயம் கிடையாது. இரவு பத்து மணிக்குப் பிறகு சந்திகளில் கூடி நிற்கும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு மகன் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பழைய காயங்களும் இந்த ஊரில் உண்டு. கொக்குவில் கிழக்கில் பிரம்படி என்ற இடத்தில் 1987 ஒக்ரோபர் 11, 12ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படையின் கையால் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அங்கே நினைவுகூருவார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் கொக்குவில் இருக்கும் வலிகாமப் பகுதி முழுதும் போருக்குப் பயந்து ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது கொக்குவிலும் வெறிச்சோடியது. இன்றைக்குப் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் கதையில் பாதி அங்கிருந்து தொடங்குகிறது. பக்கத்து வீட்டு ஐயா ஒக்ரோபரில் கொஞ்சம் பேசாமல் இருந்தால் காரணம் கேட்காதீர்கள்.

அந்தப் பூட்டிய வீடுகள்தான் உங்களுக்கு வாடகைக்கு வரப்போகிறவை. உரிமையாளர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார், திறப்பு ஒரு சொந்தக்காரரிடம் இருக்கும். வீடு பெரிது, முற்றத்தில் மாமரம், வாடகை பரவாயில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் ஆடியில் ஒரு மாதம் வந்து தங்குவார், அப்போது முன் அறையைத் திறந்து கொடுக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் சொல்வார்கள். எழுத்தில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. திறப்பு வைத்திருப்பவருக்கு ஒப்பந்தம் செய்ய உரிமை இருக்கிறதா, உரிமையாளருக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோனித் தத்துவம் இருக்கிறதா என்று பார்த்து, உரிமையாளரோடு ஒருமுறை தொலைபேசியில் பேசி, பிறகு கையெழுத்து வையுங்கள். குடி வந்த பிறகு கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள், மகனின் பள்ளிக்கூடத்துக்கே வதிவிடச் சான்று கேட்பார்கள்.

பிறகு தண்ணீர். எனக்குக் கேட்டால் வீட்டைவிடக் கிணற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் குடாநாட்டில் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீர்தான் எல்லாம். யாழ்ப்பாண நகருக்கே பல காலம் கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகளில் இருந்துதான் குழாயில் தண்ணீர் போனது. அவ்வளவுக்குப் பெயர் பெற்ற தண்ணீர். இப்போது ஒழுங்கைகளில் வளவுகளைத் துண்டாக்கி வீடு கட்டிவிட்டார்கள். உங்கள் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டு மலக்குழி எவ்வளவு கிட்ட என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பு வழியே எல்லாம் எல்லா இடத்துக்கும் போகும். தோட்டப் பசளையும் சேர்ந்து நைத்திரேற்று கூடிய கிணறுகள் வலிகாமத்தில் நிறைய. ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுங்கள், பெரிய செலவில்லை. தாளையடியில் கடல் தண்ணீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டு, அதன் குழாய்த் தண்ணீர் குடாநாட்டுக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. உங்கள் ஒழுங்கைக்கு இணைப்பு வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வந்திருந்தால் குடிக்க அது, குளிக்கக் கிணறு.

மழை இன்னொரு சோதனை. ஒக்ரோபரில் இருந்து திசம்பர் வரைதான் இங்கே மழைக்காலம், வருகிறபோது ஒரேயடியாக வரும். பழைய வெள்ள வாய்க்கால்களில் பலவற்றின் மேல் இன்றைக்கு மதில் நிற்கிறது. அதனால் சில ஒழுங்கைகளில் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நிற்கும், அடுத்த ஒழுங்கை காய்ந்து கிடக்கும். கார்த்திகையில் வந்து பார்க்க முடியாவிட்டால் மதிலைப் பாருங்கள்: அடியில் இருந்து எந்த உயரம் வரை பாசி படிந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர் நின்றிருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு நுளம்பு வரும், டெங்கும் வரும். உங்கள் மனைவி தாதி, இதை அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விமான நிலையம், கப்பல் பற்றிக் கேட்டிருக்கவில்லை, ஆனால் சொந்தக்காரர் தமிழ்நாட்டில் இருந்தால் பயன்படும். பலாலியில் இருந்து 2019 முதல் சென்னைக்கு விமானம், இடையில் கொரோனாவால் நின்று 2022 கடைசியில் மறுபடி தொடங்கியது. காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்கு 2023இல் இருந்து பயணிகள் கப்பல், காலநிலையைப் பொறுத்து விட்டு விட்டு. கொக்குவிலில் இருந்து இரண்டும் கிட்டத்தான்.

நாளைக்குக் காணி வாங்கும் எண்ணம் வந்தால் அது தனிக் கதை. இப்போதைக்கு இரண்டு வரி. இங்கே அளவு பரப்பில் சொல்வார்கள், ஒரு பரப்பு பத்துப் பேர்ச். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு, மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதமும் கேட்கப்பட்டு வந்தது. ஆள் வெளிநாட்டில் என்றால் இது இழுபடும். ரயில் பாதைக்குக் கிட்ட உள்ள காணி என்றால் ரயில்வே ஒதுக்கு நிலம் எங்கே முடிகிறது என்று நில அளவைப் படத்தில் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் இடம்: குளப்பிட்டிக்கும் கொக்குவில் சந்திக்கும் இடையில், காங்கேசன்துறை வீதியில் இருந்து உள்ளே முந்நூறு, நானூறு மீற்றருக்குள், தண்டவாளத்துக்கு மேற்குப் பக்கம். பஸ்ஸுக்கு நடை, கடவை இல்லை, வீதி இரைச்சலும் அவ்வளவாகக் கேட்காது. அங்கே கிடைக்காவிட்டால் தாவடி வரை போகலாம். கிழக்கே நல்ல வீடு மலிவாகக் கிடைத்தது என்று தரகர் அழைத்தால், இரவு ஏழரைக்கு வைத்தியசாலை வாசலில் இருந்து அந்த வீட்டுக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள்.